வரைபடத்தைப் பார்த்தே ஸ்காட்லாந்துச் சிற்றூர் ஒன்றின் வயதைச் சொல்ல முடியுமா?

கிரேல், கிராண்டவுன், கிரைவி என்று ஸ்காட்லாந்தின் மூன்று சிற்றூர்களைச் செயற்கைக்கோள் படத்தில் பார்த்திருக்கிறீர்கள். ஒன்று கோணல்மாணலாக இருக்கிறது, ஒன்று அளவுகோல் வைத்துக் கோடு போட்டதுபோல் நேராக இருக்கிறது, இன்னொன்றில் வீடுகள் கடலுக்குப் பக்கவாட்டைக் காட்டி நிற்கின்றன. எது பழையது, இங்கிலாந்துக் கிராமம்போல் நடுவே தேவாலயம் ஏன் இல்லை என்று கேட்கிறீர்கள். அடியில் இருக்கும் கேள்வி ஒன்றுதான்: தெருவின் அமைப்பை வைத்து ஓர் ஊர் எப்படிப் பிறந்தது என்று சொல்ல முடியுமா? பெரும்பாலும் முடியும். ஆனால் இடத்தின் வயது, பெயரின் வயது, இன்று நிற்கும் தெருவின் வயது மூன்றையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். இந்த மூன்றும் ஒத்துப்போகிற ஊர்கள் ஸ்காட்லாந்தில் குறைவு. நீங்கள் பார்த்தவற்றில் மூத்தது கிரேல். 12ஆம் நூற்றாண்டிலேயே அது சந்தை ஊர். கிராண்டவுன் 1765இல் ஒரு நிலப்பிரபு காகிதத்தில் வரைந்த ஊர். பார்வைக்குப் பழமையாகத் தெரியும் கிரைவியின் இன்றைய வரிசைகள் பெரும்பாலும் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக்கும் 19ஆம் நூற்றாண்டுக்கும் உரியவை.

முதலில் தேவாலயத்தை முடித்துவிடுவோம். 1750க்கு முன் ஸ்காட்லாந்துக் கிராமப்புறத்தில் பெரும்பாலானவர்கள் கிராமத்தில் வாழவே இல்லை. ஃபெர்ம்டூன் என்று சொல்லப்பட்ட சின்னச் சின்னக் குடியிருப்புகளில் சிதறி வாழ்ந்தார்கள். சில குடும்பங்கள் சேர்ந்து நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, ரன்ரிக் முறையில் நீண்ட பட்டைகளாகப் பங்கிட்டு உழுவார்கள். கல்லும் புல்தரைக் கட்டியும் வைத்துக் கட்டிய சுவர், மேலே கூரை வேய்ந்த வீடு. பாரிஷ் என்றால் ஒரு போதகரின் பொறுப்பில் இருந்த வட்டாரம். அந்தப் பாரிஷின் தேவாலயம், அதாவது கர்க், இந்தச் சிதறிய குடிகள் எல்லாருக்கும் பொது. ஆகவே அது எந்த ஊரின் நடுவிலும் இருக்கவேண்டிய தேவை இல்லை. வயல் நடுவே போதகர் வீட்டோடு தனியாக நிற்கும். பக்கத்தில் நாலு வீடு சேர்ந்தால் அது கர்க்டன், மாவரைக்கும் ஆலையைச் சுற்றிச் சேர்ந்தால் மில்டன். இந்தப் பெயர்களில் நாடு முழுக்க எத்தனையோ ஊர்கள் இருப்பதற்குக் காரணம் இதுதான். 1760களிலிருந்து நிலத்தை ஒன்றுசேர்த்துப் பெரிய பண்ணைகளாக்கியபோது ஃபெர்ம்டூன்கள் கலைந்தன. பல இடங்களில் மிச்சம் பண்ணையின் பெயர் மட்டுமே.

இதற்கு விதிவிலக்கு பரோக்கள். முதலாம் டேவிட் மன்னரின் ஆட்சிக்காலத்தில் (1124–1153) தொடங்கி, அரசரோ பிஷப்போ பிரபுவோ சாசனம் கொடுத்து நிறுவிய வணிக ஊர்கள் இவை. அரசர் நிறுவிய ராயல் பரோக்களுக்கு வெளிநாட்டு வணிகத்தில் ஏகபோக உரிமை இருந்தது. 1672ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதைப் பெருமளவு தளர்த்தியது. வரைபடத்தில் பரோவை அடையாளம் காண வீடுகளைப் பார்க்காதீர்கள், வேலிக்கோட்டைப் பாருங்கள். வீட்டை இடித்துக் கட்டுவார்கள், மனை எல்லையை லேசில் மாற்ற மாட்டார்கள். அகலமான ஒரு பிரதான தெரு, அதிலிருந்து இரு பக்கமும் சீப்புப் பல்போல் பின்னோக்கி ஓடும் ஒடுக்கமான நீண்ட மனைகள், அவை எல்லாம் போய் முட்டும் ஒரு பின்சந்து. இந்த மனைக்கு ரிக் என்று பெயர். தெருவைத் தொடும் முகப்பு பெரும்பாலும் ஆறு முதல் பத்து மீட்டர். நீளம் நூறு மீட்டரைத் தாண்டுவதும் உண்டு. தெரு முகப்புக்குத்தான் மதிப்பு, ஆகவே அகலம் குறைவு. வீடு முன்னால், பட்டறையும் தோட்டமும் குப்பைமேடும் பின்னால். ரிக்குகளுக்கு இடையே நுழையும் குறுகிய வழிகளே வைண்ட், குளோஸ் என்ற பெயர்களோடு இன்றும் இருக்கின்றன. கிரேலில் மார்க்கெட்கேட் தெருவின் அகலத்தைப் பாருங்கள்: ஊரின் இன்றைய அளவுக்குப் பொருத்தமே இல்லாத அகலம், ஏனென்றால் அது தெருவாக இருக்கும் முன் சந்தைத் திடல். ராபர்ட் புரூஸ் 1310இல் கொடுத்த சாசனம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்கே அனுமதி தந்தது. பிற்காலத்துப் போதகர்களுக்கு அது பெரிய தலைவலி.

இங்கே ஒரு எச்சரிக்கை. சாசனம் கிடைத்த ஆண்டு ஊர் பிறந்த ஆண்டு ஆகாது. 15ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பிரபுக்கள் தங்கள் நிலத்துக்குப் ‘பரோ ஆஃப் பேரனி’ என்ற தகுதியை நூற்றுக்கணக்கில் வாங்கிக் குவித்தார்கள். அவற்றில் பல காகிதத்தோடு நின்றுபோயின. ஒரு கடை கூடத் திறக்கவில்லை. அதேபோல் ஊர் எல்லைப் பலகையில் ‘ராயல் பரோ’ என்று பார்த்தால் அது பெருமைக்கு எழுதியது. பரோ நிர்வாகங்கள் 1975 மே மாதத்தோடு கலைக்கப்பட்டுவிட்டன. சாசனத்தைவிட நம்பகமான சான்று டோல்பூத்: வரி வசூல், ஊர்ச்சபை, சிறை மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்த கட்டடம். அதுவும் சந்தைத் தூணும் ரிக்குகளும் சேர்ந்து இருந்தால் அங்கே உண்மையிலேயே வணிகம் நடந்தது என்று தைரியமாகச் சொல்லலாம்.

இனி நேர்க்கோட்டு ஊர்கள். ஸ்காட்லாந்துச் சிற்றூர்களின் வரலாற்றில் எனக்கு மிகவும் சுவையான பகுதி இதுதான். ஏறத்தாழ 1730க்கும் 1850க்கும் இடையில் நிலப்பிரபுக்கள் நூற்றுக்கணக்கான ஊர்களைத் திட்டமிட்டு உருவாக்கினார்கள். பண்ணைகளை ஒன்றுசேர்த்தால் ஆட்கள் மிஞ்சுவார்கள். அவர்களை நிலத்திலிருந்து எடுக்க வேண்டும், ஆனால் எஸ்டேட்டை விட்டுப் போகவிடக் கூடாது. நெசவோ மீன்பிடியோ செய்து வாடகை கட்ட வேண்டும், பண்ணையில் விளைவதை விலைக்கு வாங்க வேண்டும். செயல்முறை பெரும்பாலும் ஒரே மாதிரி. சர்வேயர் ஒரு சாலையோரத்தில் நேர்த்தெருவும் நடுவே சதுக்கமும் வரைவார். எண்ணிட்ட மனைகளைப் பத்திரிகையில் விளம்பரம் செய்வார்கள். வருகிறவருக்கு மனை ஃபியூ முறையிலோ நீண்ட குத்தகையிலோ கிடைக்கும். ஃபியூ என்றால் ஆண்டுதோறும் ஒரு தொகை கட்டிக்கொண்டு நிரந்தரமாக வைத்துக்கொள்வது. இந்த முறை சட்டப்படி ஒழிந்தது 2004 நவம்பர் 28 அன்றுதான். குறிப்பிட்ட காலத்துக்குள் கல்வீடு கட்டவேண்டும், முகப்பு தெருக்கோட்டில் நிற்கவேண்டும், சாணக்குவியலை முன்னால் வைக்கக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. வீட்டுக்குப் பின்னால் தோட்டம், ஊருக்கு வெளியே உழ ஒரு துண்டு நிலம், எரிப்பதற்குப் பீட் என்னும் சதுப்பு நிலக் கரிமண்ணை வெட்டிக்கொள்ள உரிமை. வீட்டைக் கட்டுகிற செலவு குடியேறுபவர் தலையில். எஸ்டேட் போட்டது பெரும்பாலும் கோடு மட்டுமே.

கோடு போட்டதாலேயே ஊர் எழுந்துவிடாது. முன்னோடியான ஆர்மிஸ்டனை 1730களில் அமைத்த ஜான் காக்பர்ன் கடனில் மூழ்கி 1747இல் எஸ்டேட்டையே விற்றார். 345 மீட்டர் உயரத்தில் இராணுவச் சாலையோரம் கார்டன் பிரபு 1770களில் தொடங்கிய டோமின்டவுலைப் பற்றி, 1790களில் அந்தப் பாரிஷ் போதகர் எழுதியதன் சாரம் இது: 37 குடும்பங்கள், ஒரு தொழிலும் கிடையாது, எல்லாரும் விஸ்கி விற்கிறார்கள், எல்லாரும் குடிக்கிறார்கள். அல்லாபூலும் டோபர்மோரியும் பிரிட்டிஷ் மீன்வளச் சங்கம் 1788இல் ஹெர்ரிங் மீனை நம்பி உருவாக்கியவை. சில பத்தாண்டுகளில் மீன் கூட்டம் அல்லாபூலை ஒட்டிய கடற்கழியான லோக் புரூமை விட்டுப் போய்விட்டது. அல்லாபூலின் கட்டம்கட்டமான தெருக்கள் மட்டும் அப்படியே நின்றன. கிராண்டவுன் தப்பியதற்கு ஸ்ட்ராத்ஸ்பே பகுதிக்கே சந்தையாக அமைந்தது உதவியது, பின்னால் ரயில் வந்ததும் உதவியது. நெசவு ஊர், மீன் ஊர் என்று எந்த ஒரே தொழிலுக்காகக் கட்டினார்களோ அந்தத் தொழில் நிலைத்த இடங்கள் சிலவே. சுற்றுவட்டாரத்துக்குச் சந்தையும் பள்ளியும் கடையும் ஆனவை பிழைத்தன.

இன்னொரு வகையும் இருக்கிறது: மாளிகைக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று ஊரையே வேறிடத்துக்குத் தூக்கி வைப்பது. கல்லனில் இப்படி நடந்தது. பழைய ஊர் கல்லன் ஹவுஸை ஒட்டி இருந்தது. 1820களில் அதை இடித்து, சற்றுத் தள்ளிக் கடலை நோக்கிச் சரியும் நேர்த்தெருக்களோடு புதிய ஊரை அமைத்தார்கள். சந்தைத் தூணும் புதிய சதுக்கத்துக்கு இடம்பெயர்ந்தது. பழைய தேவாலயம் மட்டும் மாளிகை அருகே மரங்களுக்கு நடுவே தனித்து நிற்கிறது. தேவாலயம் ஊரைவிட்டு விலகி இருந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்வரேரியும் ஃபோக்கபர்ஸும் இப்படி நகர்த்தப்பட்டவையே. இன்வரேரியில் தேவாலயத்தை நட்டநடுவே வைத்தார்கள், ஆனால் உள்ளே சுவர் எழுப்பி ஒரு பாதியைக் கேலிக் மொழிக்காரருக்கும் மறுபாதியை ஆங்கிலக்காரருக்கும் ஒதுக்கினார்கள்.

கடலோரத்துக்கு வருவோம். பனியுகத்தில் தடித்த பனிப்பாளத்தின் பாரத்தில் அமிழ்ந்திருந்த நிலம், பனி உருகிய பின் மெல்ல எழும்பியது. அதனால் பழைய கடற்கரை இன்றைய நீர்மட்டத்துக்குச் சில மீட்டர் மேலே ஒரு குறுகிய சமதளமாகவும், அதன் பின்னே பழைய அலை அரித்த செங்குத்துச் சரிவாகவும் நிற்கிறது. ஸ்காட்லாந்தின் மீனவக் குடியிருப்புகள் பல இந்தச் சமதளத்தில்தான் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கிரைவியில் அந்தச் சமதளம் வீட்டுக்கும் அலைக்கும் நடுவே ஒரு நடைபாதை அளவே மிஞ்சுகிறது. கார் போகாது, ஊர் முனையில் நிறுத்திவிட்டுச் சாமான்களைத் தள்ளுவண்டியில் உருட்டிக்கொண்டு போகிறார்கள். வீடுகள் கடலுக்குப் பக்கவாட்டுச் சுவரைக் காட்டி நிற்பதற்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள்: காற்றும் அலைத்தெறிப்பும் குறைந்த பரப்பில் படும், வீடுகளுக்கு இடையில் படகை இழுத்து ஏற்றலாம். இரண்டும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் கட்டியவர்கள் எழுதிவைத்த காரணம் என்று எதையும் காட்ட முடியாது. 1953 ஜனவரி 31 புயல் கிரைவியை அடித்து நொறுக்கியது உறுதியான செய்தி. அதன்பின் பலர் வெளியேறினார்கள். இப்போது பெரும்பாலானவை விடுமுறை வீடுகள். உள்நாட்டு நிலத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்களே கிரைவியை உருவாக்கின என்று சுற்றுலாக் குறிப்புகளில் படிப்பீர்கள். அதை முழு விளக்கமாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அந்தக் கரையோரத்தில் மீனவர் குடியிருப்புகள் அதற்கும் முந்தியவை.

வெளியேற்றம் ஓர் ஊரைப் பிறப்பித்ததற்கு ஐயமற்ற உதாரணம் வேண்டுமென்றால் வடக்கே ஹெல்ம்ஸ்டேலைப் பாருங்கள். சதர்லேண்ட் எஸ்டேட் கில்டோனன் பள்ளத்தாக்கை ஆட்டுப் பண்ணைகளுக்காக 1813லும் 1819லும் காலி செய்தது. அந்த மக்களில் ஒரு பகுதி கனடாவின் ரெட் ரிவர் குடியேற்றத்துக்குக் கப்பலேறினார்கள். கரையிலேயே தங்கியவர்களை மீன்பிடிக்கத் திருப்புவதற்காக, ஆற்றுமுகத்தில் கோடு போட்டு எழுப்பிய ஊர் ஹெல்ம்ஸ்டேல். தெருக்கள் நேராக இருப்பதைப் பார்த்து முன்னேற்றத்தின் அடையாளம் என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது.

உள்நாட்டில் ஊர்களின் இடத்தைத் தீர்மானித்தது பாறை. அரன் தீவிலிருந்து ஸ்டோன்ஹேவன் வரை குறுக்காக ஓடுகிறது ஹைலண்ட் எல்லைப் பிளவு. வடக்கே கடினமான மலைப்பாறை, தெற்கே செம்மணற்கல்லும் விளைநிலமும். மலைப் பள்ளத்தாக்குகள் சமவெளிக்குத் திறக்கும் வாய்களில் காலண்டர், கிரீஃப், டன்கெல்ட், கிரிமூர் என்று ஊர்கள் வரிசைகட்டி நிற்பதற்கு அதுவே காரணம். மலை மாடும் சமவெளித் தானியமும் கைமாறும் இடம் அது. கிரீஃப்பின் மாட்டுச் சந்தை 1770 வாக்கில் ஃபால்கர்க்கிடம் இடத்தை இழக்கும்வரை நாட்டிலேயே பெரியது. அதே பிளவின் மேல் இருக்கும் காம்ரியில் அடிக்கடி நில அதிர்ச்சி வந்ததால், 1874இல் வெறும் பாறைமேல் ஒரு சிறிய நிலநடுக்க வீடு கட்டினார்கள். இன்றும் சன்னல் வழியாக உள்ளே எட்டிப் பார்க்கலாம்.

பழைய வீடுகள் எங்கே பிழைத்தன என்று பார்த்தால், பெரும்பாலும் பணம் வற்றிப்போன இடங்களில். ஃபோர்த் கரையில் கல்ராஸ் (உள்ளூர் உச்சரிப்பில் கூரஸ்) நிலக்கரியும் உப்பும் இரும்பு அப்பக்கல்லும் செய்து கொழித்த ஊர். ஜார்ஜ் புரூஸ் கடலுக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அலைக்கு நடுவே ஒரு வட்டக் கோபுரம் எழுப்பி அதன் வழியாகக் கரியை நேரே கப்பலில் ஏற்றினார். 1625 புயலில் அந்தச் சுரங்கம் மூழ்கியது. பிறகு வார்ப்பிரும்பு ஆலைகள் வந்து அப்பக்கல் தொழிலையும் தின்றன. புதிதாகக் கட்ட யாரிடமும் காசு இல்லாததால் 17ஆம் நூற்றாண்டு வீடுகள் அப்படியே கிடந்தன. 1932இல் ஸ்காட்லாந்து தேசிய அறக்கட்டளை அங்குள்ள அரண்மனை என்ற வீட்டை 700 பவுண்டுக்கு வாங்கியது. இன்று நாம் ரசிக்கிற அழகு, முன்னூறு ஆண்டு மந்தத்தின் பயன்.

நீங்களே ஓர் ஊரைத் தேடிப் பார்க்கும் முறைக்கு வருகிறேன். ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளம் இலவசம். அதில் இன்றைய படத்தையும் பழைய வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நகர்த்தலாம். முதலில் 1747–1755இல் வில்லியம் ராயின் குழு எடுத்த இராணுவ வரைபடம். உங்கள் நேர்த்தெரு அதில் இல்லை என்றால் ஊர் அதற்குப் பிந்தியது. இருக்கிறது என்றால், அதிலுள்ள சிவப்புப் புள்ளிகளை எண்ணி இத்தனை வீடு என்று முடிவு கட்டாதீர்கள். குடியிருப்பின் இருப்பைக் காட்டத்தான் அவை. எண்ணிக்கையைக் காட்ட அல்ல. அடுத்தது அரசு நில அளவைத் துறையான ஆர்டனன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடம் (ஒரு மைலுக்கு ஆறு அங்குலம்), 1843–1882. ரிக் எல்லைகளும் கிணறுகளும் சூளைகளும் தெரியும் அளவுக்கு நுணுக்கமானது. தாளில் அளந்த ஆண்டும் அச்சிட்ட ஆண்டும் வேறுவேறாக இருக்கும், அளந்த ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஜான் சின்க்ளேர் 160க்கும் மேற்பட்ட கேள்விகளை எல்லாப் பாரிஷ் போதகர்களுக்கும் அனுப்பித் தொகுத்த ‘ஸ்டாட்டிஸ்டிகல் அக்கவுண்ட்’ (1791–1799), அதன் இரண்டாம் சுற்று (1834–1845). மக்கள்தொகை, கூலி, உருளைக்கிழங்கு, பீட், பள்ளி ஆசிரியர் சம்பளம் எல்லாம் கிடைக்கும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: போதகரை நியமிப்பதில் பெரும்பாலும் நிலப்பிரபுவின் கை இருந்தது. அவர் நிலப்பிரபுவைப் புகழ்ந்தால் பாதி எடுத்துக்கொள்ளுங்கள், குறை சொன்னால் முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

தேடுபவர்கள் அதிகம் தடுக்கி விழுவது இங்கேதான்: அந்தத் தொகுப்பு பாரிஷ் பெயரில் இருக்கிறது, ஊர் பெயரில் இல்லை. டஃப்டவுன் (1817) மோர்ட்லக் பாரிஷில், அல்லாபூல் லோக்புரூமில், டோமின்டவுல் கர்க்மைக்கேலில். எவன்டனை உதாரணமாக எடுத்துச் செய்து பாருங்கள். ஈஸ்டர் ராஸில் இரண்டு ஆறுகளுக்கு நடுவே நேர்த்தெரு ஊர். ராய் வரைபடத்தில் அந்தத் தெரு இல்லை. கில்டேர்ன் பாரிஷைத் தேடினால் 1790களின் தொகுப்பில் எவன்டன் இல்லை, இரண்டாம் சுற்றில்தான் பார்க்க வேண்டும். பாரிஷின் பழைய தேவாலயம் கூரையில்லாமல் ஊருக்கு வெளியே கடலோரம் இருக்கிறது. இவ்வளவை வைத்தே 1800க்குப் பிந்திய திட்ட ஊர் என்று சொல்லிவிடலாம். ஃப்ரேசர் என்ற நிலப்பிரபு 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்து மகன் எவனின் பெயரை வைத்தது என்பது அதோடு பொருந்துகிறது. ஊருக்கு மேலே ஃபைரிஷ் மலையுச்சியில் வளைவுகளோடு ஒரு கல் கட்டுமானம் தெரியும். அது நம் நாகப்பட்டினக் கோட்டை வாசலின் சாயல் என்று சொல்லப்படுவது. 1781இல் டச்சுக்காரரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்த நோவார் எஸ்டேட்டின் ஹெக்டர் மன்றோ கட்டியது. பஞ்சகாலத்தில் வேலை கொடுக்கக் கட்டினார், கூலி நாட்களை நீட்டிக்கக் கற்களை மறுபடி மலையடிவாரத்துக்கு உருட்டிவிட்டார் என்ற கதையின் பின்பாதி செவிவழிச் செய்தி.

மீதி இடறல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய மக்கள்தொகை எண் பெரும்பாலும் பாரிஷ் முழுமைக்கும் உரியது. ஊர் திடீரென்று சுருங்கிவிட்டதுபோல் தோன்றினால் இதைச் சரிபாருங்கள். மாவட்ட எல்லைகள் மாறியிருக்கின்றன: கல்ராஸ் 1891 வரை பெர்த்ஷயரின் துண்டு, இன்று ஃபைஃப். கிராண்டவுன் 1975க்கு முன் மோரேயில் இருந்தது, இப்போது ஹைலண்ட் நிர்வாகத்தில். டார்பர்ட் என்று தேடினால் கின்டயரிலும் ஹாரிஸிலும் கிடைக்கும். டார்பெட் என்ற இன்னொன்று லோக் லோமண்ட் கரையில் இருக்கிறது. வாசல் மேற்கல்லில் 1680 என்றும் இரண்டு பெயரெழுத்துகளும் செதுக்கியிருந்தால் அது ஒரு தம்பதியின் திருமண ஆண்டாக இருக்கலாம், இடித்த வீட்டிலிருந்து எடுத்து வைத்த கல்லாகவும் இருக்கலாம். அதை மட்டும் வைத்து வீட்டுக்கு வயது சொல்லக் கூடாது. 500 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு அரசு தனி மக்கள்தொகை எண் வெளியிடுவதில்லை, இணையத்தில் காணும் எண்கள் மதிப்பீடுகள். உங்கள் மூன்று ஊர்களில் கிரேலுக்கு அதே பெயரில் பாரிஷ் உண்டு. கிராண்டவுனுக்குக் குரோம்டேல் என்றும், கிரைவிக்குக் கேம்ரி என்றும் தேடுங்கள்.